டெய்சிக்குத் தீர்ப்பு எழுதியவர்கள்: அமெரிக்கச் செவ்வியல் நாவல்களில் பெண்கள்

செங்காந்தள்:

'தி கிரேட் கேட்ஸ்பி'யை இந்த மாதம் மறுபடி வாசித்து முடித்தேன். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நடை இன்றும் கிறங்கவைக்கிறது. ஆனால் கேட்ஸ்பியின் காதலி, பணக்கார டாம் புக்கானனை மணந்துகொண்ட டெய்சி விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நூறு ஆண்டுகளாக வாசகர்கள் அவளைச் சுயநலக்காரி, பணத்தாசை பிடித்தவள், கோழை என்று ஏசிவருகிறார்கள். அப்படித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவளைப் பற்றி நாவல் நமக்கு என்ன சொல்லியிருக்கிறது?

திருமணத்துக்கு முந்தைய இரவை எடுத்துக்கொள்ளுங்கள். டாம் புக்கானன் பரிசளித்த 3,50,000 டாலர் முத்துமாலை குப்பைக்கூடையில் கிடக்கிறது. ஒரு கையில் மதுப்புட்டி, மறு கையில் ஒரு கடிதம். மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் மனம் மாறிவிட்டது என்று அழுகிறாள் டெய்சி. தோழி ஜோர்டானும் அம்மாவின் பணிப்பெண்ணும் சேர்ந்து அவளைக் குளிர்ந்த நீரில் உட்காரவைக்கிறார்கள். அவள் கையிலேயே கடிதம் நனைந்து துண்டுதுண்டாகிவிடுகிறது. அரைமணி நேரத்தில் முத்துமாலை கழுத்தில் ஏறுகிறது. மறுநாள் திருமணம் நடந்துவிடுகிறது.

இதையும் ஜோர்டான் சொல்லித்தான் நாம் அறிகிறோம். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? அந்த அரைமணியில் அவள் மனத்தில் என்ன ஓடியது? ஒரு வரிகூட இல்லை. கேட்ஸ்பியின் ஐந்தாண்டு ஏக்கத்துக்கு நாவல் முழுவதும் இடம் இருக்கிறது, இந்த அரைமணிக்கு இல்லை. நாவல் வெளியான 1925 ஏப்ரலிலேயே, இதில் முக்கியமான பெண் பாத்திரம் எதுவும் இல்லை என்று தன் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதினார் ஃபிட்ஸ்ஜெரால்ட். அவருக்கே தெரிந்திருக்கிறது.

அமெரிக்கச் செவ்வியல் நாவல்களில் ஆண்கள் படைத்த பெண்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கதி என்பது என் வாதம். அவர்களைப் பார்க்கிறார்கள், விரும்புகிறார்கள், தண்டிக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கரிசல்காடன்:

மறுக்கிறேன். கதைசொல்லியையும் ஆசிரியரையும் நீங்கள் ஒன்றாக்குகிறீர்கள்.

டெய்சியை நமக்குக் காட்டுபவன் அவள் உறவினனும் கதைசொல்லியுமான நிக் கேரவே. தான் அறிந்த மிகச் சில நேர்மையான மனிதர்களில் தானும் ஒருவன் என்று தனக்குத்தானே சான்றிதழ் வழங்கிக்கொள்பவன். அதே பக்கத்தில், ஊரில் விட்டுவந்த பெண்ணுக்கு வாராவாரம் அன்புக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதையும் ஒப்புக்கொள்கிறான். அவனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டே வைத்த அடையாளம் அது.

விபத்து நடந்த இரவை நினைத்துப் பாருங்கள். டாமின் கள்ளக்காதலி மர்ட்டில் வில்சன் காரில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறாள், வண்டியை ஓட்டியவள் டெய்சி. நிக், டாமின் வீட்டைச் சுற்றிப் போய், சன்னல் திரையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறான். சமையலறை மேசையில் குளிர்ந்துபோன வறுத்த கோழி, இரண்டு புட்டி ஏல் மது, எதிரெதிரே டாமும் டெய்சியும். டாம் ஏதோ பேசுகிறான். அவன் கை அவள் கைமேல் இருக்கிறது. ஒரு சொல்கூட நிக்கின் காதில் விழவில்லை. ஆனாலும், பார்த்தவர் எவரும் அவர்கள் சதி செய்கிறார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று எழுதுகிறான். கேட்காத உரையாடலுக்கு அவன் சொன்ன தீர்ப்பை நூறாண்டு வாசகர்கள் நம்பினால் அது யார் குற்றம்? அந்த இடுக்கையும் அந்த மௌனத்தையும் ஆசிரியர் ஒளிக்கவில்லை, நம் கண்முன்னேதான் வைத்திருக்கிறார். கடிதத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்பதே நாவல் உங்களுக்குள் எழுப்பிய கேள்வி.

மகள் பிறந்தபோது, பெண்ணுக்கு இந்த உலகில் நல்லது அழகான குட்டி முட்டாளாக இருப்பதுதான் என்று டெய்சி சொன்னதை அவள் மேலோட்டமானவள் என்பதற்குச் சான்றாக மேற்கோள் காட்டுவார்கள். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, டாம் எங்கே போனான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த நேரத்தில் சொன்ன வாக்கியம் அது. முட்டாள் பெண்ணால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

முத்துநகர்:

இருவருமே காலத்தை மறந்து பேசுகிறீர்கள். அன்று சமூகம் அப்படி இருந்தது, எழுத்தாளர்கள் அப்படி எழுதினார்கள். இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு 1850-க்கும் 1925-க்கும் போவது நியாயமில்லை.

ஏட்டுக்கட்டு:

காலம் அப்படி என்று முத்துநகர் அவர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எந்தக் காலம்? நூலகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை மட்டும் சும்மா விட முடியாது.

1852-இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றது. 1854-இல் மரியா கமின்ஸின் 'தி லாம்ப்லைட்டர்' சில வாரங்களிலேயே 40,000 பிரதிகளைத் தொட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் புனைவுச் சந்தை பெரிதும் பெண்கள் கையில் இருந்தது. எழுதியவர்கள் பெண்கள், வாசித்தவர்களும் பெண்கள். நத்தானியேல் ஹாதோர்னுக்கு அது எவ்வளவு எரிச்சலூட்டியது என்றால், கிறுக்கித் தள்ளும் பெண்களின் பாழாய்ப்போன கும்பலிடம் அமெரிக்கா மொத்தமாகச் சரணடைந்துவிட்டது என்று 1855-இல் தன் பதிப்பாளர் டிக்னருக்குக் கடிதம் எழுதினார். சில நாள் கழித்து ஃபேனி ஃபெர்னின் 'ரூத் ஹால்' நாவலை வாசித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்குள் சாத்தான் புகுந்து எழுதுகிறான் என்று அதே பதிப்பாளரிடம் மனமாரப் புகழ்ந்தவரும் அவரேதான். ஆக, பெண்களின் கோபத்தையும் அறிவையும் பெண்களே எழுதிய நாவல்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன.

பிறகு அவை எங்கே போயின? எது செவ்வியல் என்று இருபதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்கள் பட்டியல் போட்டபோது உதிர்ந்துபோயின. கேட் சோப்பினின் 'தி அவேக்கனிங்' 1899-இல் வந்தது. கணவன், பிள்ளைகள், நியூ ஆர்லியன்ஸ் மேல்தட்டு வாழ்க்கை ஆகியவற்றுக்கு வெளியே தான் யார் என்று தேடிய எட்னா பொன்டெலியேயின் கதை. மதிப்புரைகள் கடித்துக் குதறின. சோப்பின் 1904-இல் இறந்தார். நார்வே நாட்டு ஆய்வாளர் பெர் சேயர்ஸ்டெட் 1969-இல் அவருடைய முழுத் தொகுப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நாவல் வகுப்பறைகளுக்குள் வந்தது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' 1892-இல் வெளியான கதை. பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்த ஒரு பெண்ணை ஓய்வு என்ற பெயரில் ஓர் அறைக்குள் வைத்து, எழுதக்கூட விடாமல், பித்து வரும்வரை கொண்டுபோகும் சிகிச்சையைப் பற்றியது. அது பரவலாக வாசிக்கப்பட்டதும் 1973-இல் தனி நூலாக மறுபதிப்பான பிறகுதான்.

நீங்கள் விவாதிப்பது அமெரிக்கப் புனைவில் பெண்களைப் பற்றியா, அமெரிக்கப் பேராசிரியர்கள் வடிகட்டிக் கொடுத்த புனைவில் பெண்களைப் பற்றியா?

கரிசல்காடன்:

ஏட்டுக்கட்டு ஐயாவின் வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் நல்ல நாவல்கள் விடுபட்டன என்பதால் இருக்கிற நாவல்கள் கெட்டவை ஆகிவிடா. ஹாதோர்னின் எரிச்சலைச் சொன்னீர்கள். அந்தக் கடிதத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1850-இல், அவர் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில் எழுதிய ஹெஸ்டர் பிரின்னைப் பாருங்கள்.

பாஸ்டனின் தூய்மைவாதிகள் (பியூரிட்டன் கிறிஸ்தவர்கள்), கணவனல்லாதவனுக்குப் பிள்ளை பெற்றதற்காக அவளைக் கைக்குழந்தையோடு மேடையில் நிறுத்துகிறார்கள். நெஞ்சில் அவமானச் சின்னமாக ஓர் எழுத்து. அதைத் தன் கையாலேயே பொன்னிழை வேலைப்பாட்டோடு தைத்து, பார்ப்பவர் கண் கூசும்படி அணிந்து வருகிறாள். குழந்தையின் தந்தை யார் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள், அவள் வாய் திறக்கவில்லை. அந்தத் தந்தையே பாதிரியாராக நின்று, பெயரைச் சொல் என்று ஊருக்காகக் கேட்கிறான். அப்போதும் சொல்லவில்லை. அந்தப் பாதிரியார் ஆர்தர் டிம்ஸ்டேல் ஏழு ஆண்டுகள் உள்ளுக்குள் உளுத்துப்போகிறான், அவள் உளுத்துப்போகவில்லை. ஊரோரக் குடிசையில் தனியாகத் தைத்துப் பிழைத்துக்கொண்டு சிந்திக்கிறாள். உலகத்தின் சட்டம் அவள் மனத்துக்குச் சட்டமாக இல்லை என்று ஹாதோர்ன் எழுதுகிறார். சமூக அமைப்பு முழுவதையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால்தான் பெண்ணுக்கு நியாயமான இடம் கிடைக்கும் என்ற எண்ணம் வரை அவள் போகிறாள். பெண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டை இதன் முன்னால் வைத்துப் பாருங்கள்.

செங்காந்தள்:

வைத்துப் பார்க்கிறேன். ஹெஸ்டரை எனக்கும் பிடிக்கும், அதனால்தான் முடிவு என்னை இவ்வளவு சினமூட்டுகிறது. கடல் கடந்து மகளோடு போனவள், பல ஆண்டுகள் கழித்து யாரும் கட்டாயப்படுத்தாமலே திரும்பிவந்து அதே எழுத்தை மறுபடி நெஞ்சில் அணிகிறாள். புதிய உண்மையைச் சொல்லப்போகும் பெண் தானாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தாள். இப்போது, பாவக்கறை படிந்த பெண்ணுக்கு அந்தத் தகுதி இல்லை, தூய்மையான ஒருத்திதான் வர வேண்டும் என்று அவளையே ஏற்கவைக்கிறார் ஹாதோர்ன். சமூகத்தையே இடிக்க எண்ணிய மனத்தை இப்படி அடக்கி உட்காரவைத்தது தூய்மைவாதிகளின் நீதிமன்றமா? எழுத்தாளரின் பேனாதானே?

கதைசொல்லியைப் பற்றிக் கரிசல்காடன் சொன்னது கூர்மையான வாதம். ஒரு நாவலுக்கு அது செல்லும். ஆனால் வரிசையாக எடுத்துப் பாருங்கள். நிக் சொல்கிறான். ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலை ஃபிரெடெரிக் ஹென்றி சொல்கிறான். 'மை ஆன்டோனியா'வை எழுதியது வில்லா காதர் என்ற பெண், அங்கேயும் ஜிம் பர்டன் சொல்கிறான். வில்லியம் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி'யில் உச்சம். கேடி காம்ப்சன் இல்லாமல் அந்த நாவலே இல்லை. பாட்டி இறந்த அன்று மரத்தில் ஏறிச் சன்னல் வழியாகச் சாவை எட்டிப் பார்க்கும் துணிச்சல் அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே இருந்தது. கீழே நின்ற சகோதரர்கள் பார்த்தது அவளுடைய சேறு படிந்த உள்ளாடையை. பென்ஜி, குவென்டின், ஜேசன் மூவருக்கும் ஆளுக்கொரு பகுதி, நான்காவது பகுதியை ஆசிரியரே சொல்கிறார், கேடிக்கு ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டபோது, அவளைப் பேசவைத்துக் குறுக்கிவிட முடியாத அளவுக்கு அவள் அழகானவள் என்ற பொருளில் பதில் சொன்னார் ஃபாக்னர். சகோதரர்களைப் பேசவைத்தால் அவர்கள் விரிகிறார்கள், கேடியைப் பேசவைத்தால் அவள் குறுகிவிடுவாள். இதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பொன்வண்டு:

செங்காந்தள் அக்கா, கரிசல்காடன் ஐயா, இருவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். நான் கல்லூரி மாணவி. ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில் பண்ணை முதலாளி மகன் கர்லியின் மனைவிக்குப் பெயரே இல்லை. பண்ணையில் இருக்கும் ஒரே பெண் அவள். பெயரில்லாதது அந்தப் பண்ணை ஆண்களின் குற்றம் என்று காட்டவா, ஆசிரியரே அவளை அவ்வளவுதான் மதித்தாரா?

கரிசல்காடன்:

நல்ல கேள்வி, தங்கையே. நாடகமாக மேடையேறியபோது அந்தப் பாத்திரத்தில் நடித்த கிளேர் லூஸுக்கு 1938-இல் ஸ்டைன்பெக் எழுதிய கடிதம் இருக்கிறது. சண்டையும் சந்தேகமும் நிறைந்த சூழலில் வளர்ந்தவள், யாரையும் நம்பக் கற்றுக்கொள்ளாதவள், அவளை ஒரு மனுஷியாக யாரும் கருதியதே இல்லை என்று அவ்வளவு பரிவோடு எழுதுகிறார். நாவலிலும், சாவதற்குச் சற்று முன் பண்ணைத் தொழிலாளி லென்னியிடம் அவள் மனம் திறக்கிறாள். ஹாலிவுட்டிலிருந்து வரவேண்டிய கடிதத்தை அம்மாதான் திருடியிருக்க வேண்டும் என்று இன்னமும் நம்பும் சிறுமி அவள். பெயரை மறுத்தது பண்ணை.

செங்காந்தள்:

அந்தப் பரிவு கடிதத்தில் இருக்கிறது. நாவலில் அவள் முகத்திலிருந்து அற்பத்தனமும் திட்டங்களும் ஏக்கமும் மறைந்து, அவள் எளிமையும் இனிமையுமாகத் தெரிவது எப்போது என்று படித்துப் பாருங்கள். கழுத்து முறிந்து வைக்கோலில் கிடக்கும்போது! உயிரோடு இருந்தவரை அவள் ஆபத்து, செத்த பிறகுதான் அழகி. நடிகைக்கு எழுதிய கடிதத்தை வைத்து நாவலை மீட்க முடியாது.

கரிசல்காடன்:

அப்படியானால் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தை வைத்து ஃபிட்ஸ்ஜெரால்டைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது. முதல் பதிவிலேயே அதைச் செய்தவர் நீங்கள். நாவலுக்கு வெளியே உள்ள கடிதம் சாட்சியானால் இருவருக்கும் சாட்சி.

செங்காந்தள்:

இரண்டும் ஒன்றில்லை. ஸ்டைன்பெக் நாவலில் இல்லாததைக் கடிதத்தில் சேர்க்கிறார். ஃபிட்ஸ்ஜெரால்ட் நாவலில் இல்லாததை இல்லை என்கிறார். இரண்டாவதை நாவலைத் திறந்து சரிபார்க்க முடியும்.

வேம்படி:

இத்தனை பதிவுகளிலும் நீங்கள் அனைவரும் பெண் என்று சொல்லும்போது வெள்ளைப் பெண்ணைத்தான் சொல்கிறீர்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'தி அவேக்கனிங்' நாவலை ஏட்டுக்கட்டு அவர்கள் விடுதலையின் நாவலாகச் சொன்னார். எட்னா ஓவியம் வரையவும் கடலில் நீந்தவும் தன்னைத் தேடவும் நேரம் கிடைத்தது எப்படி? அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கலப்பினத் தாதி இருந்தாள். நாவல் முழுக்க வந்துபோகும் அவளுக்கு ஒரு பெயர் கிடையாது. கர்லியின் மனைவிக்காகக் கேட்கும் கேள்வியை இவளுக்காக ஏன் யாரும் கேட்கவில்லை?

ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' 1940-இல் வந்தது. பிகர் தாமஸ் என்ற கறுப்பு இளைஞன் இரண்டு பெண்களைக் கொல்கிறான். மேரி டால்டன் வெள்ளைப் பணக்காரர் மகள், பெஸ்ஸி கறுப்பு உழைக்கும் பெண். பெஸ்ஸியின் உடலை விசாரணை மன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், மேரி எப்படிச் செத்திருப்பாள் என்று நிரூபிக்க! கறுப்புப் பெண் வெறும் சான்றுப் பொருள் என்பதை ரைட் அறிந்தேதான் எழுதுகிறார், பிகரின் மனத்திலேயே அந்த எண்ணம் எழுகிறது. ஆனாலும் நாவல் அந்த எண்ணத்தைக் கடந்து பிகரின் விதியை நோக்கிப் போய்விடுகிறது. பெஸ்ஸியின் வாழ்க்கை அங்கேயே கிடக்கிறது.

அதே ரைட், 1937-இல் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' வந்தபோது, அதில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்று எழுதினார். ஜேனி க்ராஃபோர்ட் என்ற கறுப்புப் பெண் மூன்று மணவாழ்க்கைகளைக் கடந்து, வீட்டுப் பின்திண்ணையில் தன் தோழி ஃபீபியிடம் தன் கதையைத் தானே சொல்கிறாள். ஈட்டன்வில்லில் மேயரான அன்று, என் மனைவிக்கு மேடைப் பேச்செல்லாம் தெரியாது என்று ஊர் முன்னால் அவள் வாயை அடைத்தவன் கணவன் ஜோ ஸ்டார்க்ஸ். அவள் கூந்தலை மற்ற ஆண்கள் பார்க்கக்கூடாது என்று கடையில் துணியால் கட்டவைத்தவனும் அவன்தான். அவன் இறந்ததும் அவள் கண்ணாடி முன் நின்று கட்டை அவிழ்த்துக் கூந்தலைப் பார்க்கும் இடத்தை வாசித்துவிட்டு, இதில் செய்தி இல்லை என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? ஹர்ஸ்டன் 1960-இல் வறுமையில் இறந்தார். அடையாளம் இல்லாத புதைகுழிக்கு 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃப்ளோரிடாவுக்குத் தேடிப்போய்க் கல் நாட்ட வேண்டியிருந்தது.

கரிசல்காடன்:

வேம்படி அவர்கள் சொன்னதில் பெஸ்ஸியைப் பற்றிய பகுதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஜேனியை வைத்தே ஒன்று கேட்கிறேன். வெறிநாய்க்கடியால் பித்தேறித் துப்பாக்கியோடு வந்த மூன்றாம் கணவன் டீ கேக்கை அவள் சுட நேர்கிறது. நீதிமன்றத்தில் நிற்கிறாள், உயிர் போகும் வழக்கு. அங்கே அவள் பேசியதை அவள் வாய்ச்சொல்லாக ஹர்ஸ்டன் தரவில்லை, கதைசொல்லி சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆண் எழுத்தாளர் இதைச் செய்திருந்தால் குரலைப் பறித்துவிட்டார் என்றுதானே செங்காந்தள் எழுதியிருப்பார்?

மறுபக்கத்தையும் பாருங்கள். ஹென்றி ஜேம்ஸின் 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி', 1881. நாற்பத்திரண்டாம் அத்தியாயம் முழுவதும் இசபெல் ஆர்ச்சர் இரவில் கணப்பின் முன் தனியே அமர்ந்து, தன் கணவன் கில்பர்ட் ஆஸ்மண்ட் எப்படிப்பட்டவன், தான் எப்படி ஏமாந்தோம் என்று யோசிக்கிறாள். வெளியே ஒரு நிகழ்ச்சியும் இல்லை. நாவலிலேயே சிறந்த பகுதி அதுதான் என்று பின்னாளில் முன்னுரையில் ஜேம்ஸே எழுதினார். அதை எழுதியவர் ஓர் ஆண்.

வேம்படி:

நீதிமன்றத்தில் அவள் எதிரே இருந்தவர்கள் வெள்ளை நடுவர்கள். திண்ணையில் எதிரே இருப்பவள் தோழி. யாரிடம் தன் சொற்களை முழுதாகக் கொடுப்பது என்று ஜேனி தேர்ந்துகொள்வதாக நான் வாசிக்கிறேன். கேடிக்கு அப்படி ஒரு திண்ணை எங்கே இருக்கிறது?

செங்காந்தள்:

கரிசல்காடன், ஜேம்ஸைக் கொண்டுவந்ததற்கு நன்றி. 1881-இலேயே ஓர் ஆணால் அப்படி எழுத முடிந்திருக்கிறது. காலம் அப்படி என்ற முத்துநகரின் வாதம் அதோடு விழுந்துவிட்டது. ஜேம்ஸுக்குத் தெரிந்த வழி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கும் திறந்துதான் இருந்தது. ஹெமிங்வே போகவில்லை. 1929-இல் அவர் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலில் எழுதிய கேத்தரின் பார்க்லி, காதலன் ஃபிரெடெரிக்கிடம், நான் என்று யாரும் இல்லை, நீ விரும்புவதைத்தான் விரும்புவேன் என்கிறாள். கடைசியில் பிரசவத்தில் சாகிறாள். மழையில் நடந்துபோகும் ஃபிரெடெரிக்குக்காக நாம் அழுகிறோம். நம் கண்ணீர் கேத்தரினுக்குச் சேர்வதில்லை என்று பெண்ணிய விமர்சகர் ஜூடித் ஃபெட்டர்லி 1978-இலேயே எழுதிவிட்டார்.

கரிசல்காடன்:

ஃபெட்டர்லியின் புத்தகத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த வாசிப்பு ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. எட்டு ஆண்டுகள் நிச்சயமாகியிருந்தவனை முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இழந்துவிட்டு வந்தவள் கேத்தரின். முதல் சந்திப்புகளில் ஃபிரெடெரிக் அவளைக் காதலிப்பதாகப் பொய் சொல்கிறான். அவள் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு, சிறிது நேரம் கழித்து, நாம் ஆடும் இந்த ஆட்டம் அருவருப்பானது, இல்லையா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். என்னைக் காதலிப்பதாக நீ நடிக்க வேண்டாம் என்கிறாள். சீட்டாட்டம் மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தவன் அவன். அந்த ஆட்டத்துக்குப் பெயர் சொன்னவள் அவள். அதன் பிறகு மிலான் மருத்துவமனையில் அவள் சொல்லும் 'நான் என்று யாரும் இல்லை' என்பதை, ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த பெண் அறிந்தே எடுக்கும் முடிவாகத்தான் நான் வாசிக்கிறேன்.

செங்காந்தள்:

ஆறாம் அத்தியாயத்துக் கேத்தரினை எனக்கும் தெரியும். அவ்வளவு கூர்மையானவளை மீதி நாவல் முழுவதும் ஏன் காணவில்லை என்பதுதான் என் கேள்வி. அறிந்தே எடுத்த முடிவு என்றால், எடுக்கும்போது அவள் மனத்தில் நடந்ததை ஒரு பக்கமாவது காட்டுங்கள். இசபெலுக்கு ஓர் அத்தியாயம் முழுதும் கிடைத்தது. கேத்தரினுக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொன்னால், இன்றிரவே எடுத்து வாசிக்கிறேன்.